படத்தில் அசைந்தவள்

வேலூர் அருங்காட்சியகத்தில் பழைய புகைப்படங்களை மாட்டி, அவற்றில் இருப்பவர்களைத் தெரிந்தால் பெயர் சொல்லும்படி கேட்டிருந்தார்கள். நானும் என் மனைவி எஸ்தரும் போனோம். கல்யாணமான புதிதில் நாங்கள் வேலை செய்த ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பின் படமும் இருந்தது.

படத்தில் எல்லோரும் விறைப்பாக நின்றிருந்தோம். என் பக்கத்தில் எஸ்தரின் முகம் மட்டும் புகைபோலக் கலைந்திருந்தது.

“அசையாதீங்கன்னு படக்காரர் தலபாடா அடிச்சிக்கினாரே. கெடுத்துட்டியே!” என்றேன் எரிச்சலோடு.

“உங்க மூக்குல ஈ உக்காந்துச்சு. நீங்க அசைஞ்சிடப் போறீங்கன்னு நான்தான் திரும்பி ஊதி ஓட்னேன்” என்றாள்.

ஷாப்பில் ஈக்களுக்கா பஞ்சம்? எனக்கு அந்த ஈ நினைவிலேயே இல்லை.

பெயர் எழுதுபவர் கலைந்த இடத்தைக் காட்டி, “இது யாருங்க? மூஞ்சியே விழலியே” என்றார்.

“என் சம்சாரம், எஸ்தர். முதல்ல அவ பேர எழுதுங்க” என்றேன்.

என் முகம் அத்தனை தெளிவாக விழுந்திருந்தது.