பூட்ஸ் காலோடு பாடிய அத்தை

எங்கள் அத்தை டிவியில் வந்தாள். அதற்காக யாரும் எங்களுக்கு லட்டு கொடுத்துவிடவில்லை. தாத்தா பல நாள் டீக்கடைப் பக்கமே தலைகாட்டாமல் இருந்தார்.

அத்தை அப்பாவின் தங்கை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டை அழுத்திக் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. அங்கே வேலை செய்த சிலர் சேர்ந்து ராக் பாட்டு ஒன்று கட்டினார்கள். பிரஸ் மெஷின் இறங்குகிற சத்தம்தான் அதற்குத் தாளம். மேலே ஒரு கிதார் கதறும். "இறங்குடா இரும்பே, இறங்கு" என்று அத்தை அடித்தொண்டையில் கத்துவாள். அதைக் கேட்டால் எனக்குச் சோறே வேண்டாம்.

வீடியோ எடுக்க மெஷின்கள் ஓய வேண்டுமே! வருஷத்தில் அவை ஓய்வது ஆயுத பூஜைக்குத்தான். அன்றைக்கே எடுத்துத் தொலைத்தார்கள். சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்ட மெஷின்மேல் அத்தை பூட்ஸ் காலோடு, தலைவிரி கோலமாக நின்று கத்துகிறாள். பின்னால் ஒருவர் வெல்டிங் முகமூடி மாட்டிக்கொண்டு எண்ணெய் பீப்பாயை அடிக்கிறார். அடித்துக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்துவார். பிறகு 'டக் டக்' என்று இரண்டு தட்டு.

உள்ளூர் கேபிளில் அது ஓடியதும், பூஜை போட்ட மெஷின்மேல் பூட்ஸ் காலா என்று ஊரே பிடித்துக்கொண்டது. கேபிள்காரர் பயந்து நிறுத்திவிட்டார். பாட்டு எங்கே நின்றது? மொபைல் கடைக்காரர் பம்பை சேர்த்து ஒரு ரீமிக்ஸ் போட்டார். ஷேர் ஆட்டோக்காரர்கள் வேகத்தைக் கூட்டி இன்னொன்று வைத்துக்கொண்டார்கள். திட்டியவர்களும் அதே ஆட்டோவில்தான் போனார்கள்.

அந்த நேரம் பார்த்து ஆரணியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். முன்பு வந்த இடமெல்லாம் அந்த வீடியோவால் தட்டிப் போயிருந்தது. இதுவும் போனால் வேலைக்கும் போக வேண்டாம், பாட்டும் வேண்டாம் என்று தாத்தா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டிலிருந்த பாட்டு சிடி எல்லாம் அரிசி டிரம்முக்குள் போயின. அம்மா என் காதைத் திருகி, "பாட்டு கீட்டுன்னு வாயத் தொறந்துக்கினு வந்த, தோலை உரிச்சிடுவேன்" என்றாள். அத்தை மட்டும் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு என்ன கொழுப்பு என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா அத்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெண் பார்க்கிற வீட்டில் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"பொண்ணு பாடுமா?"

அதெல்லாம் அதற்கு வராது என்று தாத்தா அவசரமாகச் சொன்னார்.

"இன்னா தெரியுதோ அதப் பாடட்டுமே, அண்ணே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அத்தை தலைப்பைச் சரிசெய்துகொண்டு அதே பாட்டைப் பாடினாள். தொட்டில் ஆட்டுகிற மாதிரி மெல்லப் பாடினாள். "இறங்குடா இரும்பே" என்றதும் தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் விரல் டம்ளரில் தாளம் போட ஆரம்பித்தது. சரியான இடத்தில் நிறுத்தி, டக் டக்.

பாட்டு முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

"டிவில கத்துனதுக்கு இது எவ்ளோ தேவல. எங்க ஊட்டுக்கு வரும்போது பூட்ஸ மட்டும் வாசல்ல கழட்டிட்டு வாம்மா."

தாத்தா கண்ணைத் திறந்தார். அப்புறம் வீடே சிரித்தது. அரிசி டிரம்மிலிருந்து சிடிகளை எடுத்துத் தவிடு போகத் துடைத்துக் கொடுத்தவர் தாத்தாதான்.

எனக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது. டிவியில் கேட்டதை வைத்தே ஒரு தட்டுகூடப் பிசகாமல் போடுகிறாரே! அந்த முகமூடிக்காரரைத் துரத்திவிட்டு இவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அத்தையிடம் சிபாரிசு செய்தேன். அதற்குப் போய் அவள் ஏன் கண்ணில் நீர் வர அப்படிச் சிரித்தாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.