ஞாயிற்றுக்கிழமை மர்ஃபி

பென்சில்வேனியாவில் நிலக்கரி தோண்டும் பிளாக்ரிட்ஜ் ஊரில், பட்டு மில்லில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் லூட்மிலா ஹுடாக். ஸ்லோவாக்கியக் குடும்பத்துப் பெண். சனிக்கிழமைகளில் ஊர் ஃபுட்பால் அணிக்குக் கம்பளிச் சட்டைகளும் தைத்துக் கொடுப்பாள். 1924ஆம் வருடம் அது. காசுக்கு ஆடும் ஃபுட்பால் அப்போது தவழும் குழந்தை. முட்டை போன்ற பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவான். எதிரணியே அவன்மேல் விழுந்து அமுக்கும். தலையைக் காக்க ஒரு தோல் தொப்பி, அவ்வளவுதான். ஆறு நாள் சுரங்க இருட்டில் கிடப்பவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் வெளிச்சம். ஆட்டமும் அன்றுதான்.

ஒருநாள் தோளில் கிழிந்த சட்டையோடு ஒருவன் வந்து நின்றான். முகமெல்லாம் கரி.

"பேரு?"

"ஜோ மர்ஃபி."

"ஐரிஷா? எந்தப் பூசைக்கு வர்ற? உன்னக் கோயில்ல பார்த்ததே இல்லயே."

"முதல் பூசைக்கு. வெள்ளன வந்துட்டுப் போயிருவேன்." அதோடு நிறுத்தாமல் சிலுவையும் போட்டுக் காட்டினான். இடக்கையால்.

லூட்மிலா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"சிலுவை போடத் தெரியாத மர்ஃபி இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான். நெசத்தச் சொல்லிரு. இல்ல, சட்டையோட சேர்த்துத் தோளையும் தைச்சிருவேன்."

சொன்னான். அவன் பெயர் எம்லின் ப்ராசர். வேல்ஸ்காரர்களின் புராட்டஸ்டன்ட் சபை மூப்பர் க்விலிம் ப்ராசருக்கு ஒரே மகன். ஓய்வுநாளில் பந்தைத் தொட்டார்கள் என்று போன வருடம் இரண்டு பேரைச் சபையை விட்டே விலக்கி வைத்தவர் அந்த மூப்பர். பெயர் கெடக்கூடாத வீட்டுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொள்வது அந்நாளில் ஊரறிந்த வழக்கம். மகன் பக்கத்து ஊரில் ஞானப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறான் என்று அப்பா நம்பியிருந்தார்.

"இதுல கொடும என்னன்னா, திங்கக்கிழம பேப்பர எங்கப்பாதான் சத்தமாப் படிப்பாரு. இந்த மர்ஃபிப் பய நரகத்துக்குத்தான் போவான், ஆனா என்னமா ஓடறாம்பாரு. நான் தட்டுக்குள்ள தலைய விட்டுக்குவேன்."

தோள் தைத்து முடிவதற்குள் இரண்டு மனங்களும் ஒன்றாகத் தைக்கப்பட்டுவிட்டன. ஆனால் அவள் கத்தோலிக்கப் பெண். "சீசன் முடியட்டும் லூட்கா. மர்ஃபியப் பத்தியும் சொல்றேன், உன்னப் பத்தியும் சொல்றேன். ரெண்டு வெடியையும் அப்பா தலையில ஒரே நாள்ல போட்டுர்றேன்" என்றான்.

நவம்பரில் ஒஹாயோவில் ஆட்டம். பந்தோடு விழுந்த எம்லின் எழவில்லை. மறுநாள் காலை எல்லோரும் சுரங்கத்தில் இறங்கியாக வேண்டும். அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மாலை ரயிலேறி வந்தார்கள். "கழுத்துப் பிடிப்புதான், புதன்கிழம வந்துருவான்" என்று லூட்மிலாவிடம் சொன்னான் கேப்டன் ஹாகன். மூப்பரிடம் போய், எம்லின் ஸ்க்ரான்டனில் மாமா வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றான். எம்லினே சொல்லியனுப்பிய பொய் அது.

திங்கட்கிழமை எம்லின் போய்விட்டான்.

ஆஸ்பத்திரிக்குத் தெரிந்த பெயர் ஜோ மர்ஃபி. ஐரிஷ் பெயர் என்று கத்தோலிக்கப் பாதிரியாரை அழைத்தார்கள். 'மர்ஃபி குடும்பம், பிளாக்ரிட்ஜ்' என்று தந்தி அடித்தார்கள். ஊரில் பதினோரு மர்ஃபி வீடுகள். ஒவ்வொரு தாயும் நடுங்கி, தன் பிள்ளைகளை எண்ணிப் பார்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு அனுப்பினாள். செவ்வாய் மதியம் அந்தத் தந்தியை மில்லுக்குக் கொண்டுவந்தாள் கூட வேலை பார்க்கும் நோரா மர்ஃபி.

"எங்க யார் வீட்டு ஆளும் இல்லடி. பாவம், எந்தத் தாய் பெத்த பிள்ளையோ."

தந்தியில் இருந்தது இதுதான்: ஜோ மர்ஃபி இறந்தார். வியாழன் காலைக்குள் உறவினர் வராவிட்டால் இங்கேயே அடக்கம். லூட்மிலாவின் விரலில் நூல் இறுகியது; அவளுக்கு உறைக்கவில்லை.

மூப்பர் வீட்டுக் கதவை அவள் தட்டியது அதுதான் முதல் முறை.

"ஐயா, செத்துப்போனது எம்லின். பேரில்லாம அங்க புதைச்சிருவாங்க. நீங்க வந்து உங்க பிள்ளைன்னு சொல்லணும்."

அவர் முகம் கல்லாக இருந்தது. "என் மகன் ஸ்க்ரான்டன்ல இருக்கான். மர்ஃபி செத்திருந்தா மர்ஃபி வீட்ல போய்ச் சொல்லு, பொண்ணே."

"ஐயா..."

"அவன் நாளைக்கு வந்துருவான்." கதவு மூடியது. அந்தப் பொய்யை விட்டால் அந்தத் தகப்பனுக்குப் பிள்ளை ஏது?

அவள் தனியாக ஒஹாயோவுக்குப் போனாள். வெள்ளைத் துணிக்கடியில் எம்லின் தூங்குவதுபோல் கிடந்தான். விரல்களில் பாதிரியார் சுற்றிய ஜெபமாலை. அவன் அப்பா பார்த்தால் தாங்கமாட்டார் என்று அதை மெல்லக் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

"இவரு மர்ஃபி இல்ல. எம்லின் ப்ராசர்" என்றாள் குமாஸ்தாவிடம்.

"நீங்க யாரு?"

"அவரோட மனைவி."

கல்யாணத்தன்று சொல்லியிருக்க வேண்டிய சொல். பிணவறை வாசலில் சொன்னாள்.

வியாழன் காலை சவப்பெட்டியோடு வந்து இறங்கியபோது, பிளாட்ஃபாரத்தில் கறுப்புக் கோட்டோடு நின்றிருந்தார் மூப்பர். புதன் விடிந்ததிலிருந்து ஸ்க்ரான்டன் வண்டி ஒவ்வொன்றுக்கும் வந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஸ்டேஷன் மாஸ்டர் காகிதத்தைப் புரட்டினார். "மனைவின்னு போட்டிருக்கு. உனக்கு எப்பம்மா கல்யாணம் ஆச்சு? பொய்யின்னா பெட்டிய உன்கிட்ட விடமுடியாது." பிறகு திரும்பினார். "மூப்பரே, உங்க மருமகளாமே. நெசமா?"

மூப்பர் பெட்டிமேல் எழுதியிருந்த பெயரைப் படித்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போல நேரம் எடுத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார். அறுபது வருடம் பொய் பேசாத வாய் அது.

"ஆமா. என் மருமகதான். எறக்குங்க."

சபைக் கல்லறையில் எம்லின் ப்ராசரை அடக்கம் செய்தார்கள். அடுத்த ஞாயிறு சபை நடுவே எழுந்து, தான் பொய் சொன்னதாக அறிவித்து, மூப்பர் பதவியை விட்டு இறங்கினார் க்விலிம். என்ன பொய் என்று கேட்டவர்களுக்குக் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

லூட்மிலா ப்ராசர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிழவர் கண் மூடும்வரை ஒன்பது வருடம் அவருக்குச் சோறு போட்டாள். கத்தோலிக்கக் கோயிலுக்கு அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போய், பூசை முடியும்வரை வெளியே குளிரில் நின்றிருப்பார் அவர்.