பிறீசர் வரிசை

ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த ஒரு தேவாலய மண்டபத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். கையில் அங்கே நடந்த கூட்டத்தில் தந்த தேநீர், கடதாசிக் கோப்பையில். எல்லோருக்கும் அதே கோப்பைதானா என்று வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். எல்லோருக்கும் அதேதான். அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் எங்கள் சாதி ஆட்களுக்குப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார்கள். மற்றவர்களுக்குக் கிளாஸ். யார் எதில் குடிக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் அப்போது வந்தது. அறுபது வயதிலும் போகவில்லை.

மண்டபத்தில் பேசியவர் எண்பது தாண்டிய கறுப்பினத்தவர். பெரிய தலைவர் என்றார்கள். இரண்டு வாரமாக எங்கள் தொழிற்சாலை வாசலில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை என்னை மறித்து, "நீங்கள் எந்த வரிசை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். துண்டுப்பிரசுரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஆனால் ஞாயிறு பின்னேரம் ஆள் யாரென்று பார்க்க அதில் போட்டிருந்த கூட்டத்துக்குப் போனேன்.

தலைவர்களோடு எனக்குச் சரிவராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு கொழும்பு, பாங்கொக், ஒரு கப்பலின் அடித்தட்டு, மார்செய் துறைமுகம். போன இடமெல்லாம் ஒருவர் பெயர்ப்பட்டியலோடு வந்தார். பெயர் கொடுத்தவன் காணாமல் போனான். பெயர் வாங்கியவர் மேடையில் இருந்தார்.

அதனால் முதலில் கிழவரின் சப்பாத்தைப் பார்த்தேன். அடி தேய்ந்து புதுத் தோல் வைத்துத் தைத்த சப்பாத்து. இப்படிப்பட்ட சப்பாத்தைக் கூட்டத்துக்கென்றே வைத்திருக்கும் ஆட்களையும் நான் கண்டிருக்கிறேன்.

அவர் தன் கதையைச் சொன்னார். கனடாவின் கிழக்குக் கரையில் கறுப்பர் மட்டும் இருந்த ஒரு கிராமத்தில் பிறந்தவர். படம் பார்க்கப் போனால் மேல்மாடியில்தான் இருக்கலாம். பதினெட்டு வயதில் ரொறன்ரோவுக்கு வந்து, அறை வாடகைக்கு என்று பலகை தொங்கிய வீட்டைத் தட்டினார். அறை போய்விட்டது என்றார்கள். அரை மணி கழித்து வெள்ளைக்கார நண்பன் ஒருவனை அனுப்பினார். அறை இருந்தது. இரண்டு பதில்களையும் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு முறையிடப் போனார். அன்று தொடங்கியதை இன்னும் விடவில்லை. வீடு, பள்ளிக்கூடம், தொழிற்சாலை என்று இடம் மாறியதே தவிர, அவர் செய்கிற வேலை மாறவில்லை. இடையில் இரண்டு முறை சிறை.

எங்கள் தொழிற்சாலையில் காலையில் இரண்டு வரிசை. ஒன்று பொதி கட்டும் மேசைக்கு. அங்கே சூடு, முழுவதும் தமிழர். மற்றது பிறீசருக்கு, மீன் பெட்டிகளை உறையவைக்கும் குளிர் அறைக்கு. அங்கே முழுவதும் கறுப்பர். பிறீசர் ஆட்கள் முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். அது தற்செயல் என்று நிர்வாகம் பதில் எழுதியிருந்தது. மேசை வரிசையிலிருந்து ஒரு சாட்சி கிடைத்தால்தான் முறைப்பாடு நிற்கும்.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். "கையெழுத்து வேண்டாம். என்னை நம்பவும் வேண்டாம். நாளைக்கு மற்ற வரிசையில் நின்று பாருங்கள். என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே மனதில் வைத்திருங்கள். வந்து சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்" என்றார்.

கையெழுத்து வேண்டாம் என்கிறவரிடம் இன்னும் கவனமாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே சப்வே ரயிலுக்கு நடந்தேன்.

மேசை வரிசையில் எனக்கு இடம் கிடைத்தது ஒரு பொய்யால். முதல் நாள் சுப்பர்வைசர், எங்கள் பகுதிக்காரர், என்னைவிட இருபது வயது இளையவர், சிரித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணை ஊரிலை எவடம்?" சொன்னேன். "அதிலை எந்தப் பக்கம்?"

அந்தக் கேள்வி எதற்கென்று எனக்குத் தெரியும். "கோயிலடி" என்றேன். அது கிளாஸில் குடிப்பவர்களின் பக்கம். மேசைக்கு அனுப்பினார்.

இந்த நகரத்தில் எல்லோரும் என்னிடம் எந்த ஊர் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். கிழவர் ஒருவர்தான் எந்த வரிசை என்று கேட்டார். என்னைப் பற்றி யாராவது அவரிடம் ஏதும் சொல்லியிருப்பார்களோ? மோர்னிங்சைட்டில் நான் இருக்கும் நிலவறைக்குப் போய்ச் சேரும்வரை அதையே யோசித்தேன். வரிசை தற்செயல் இல்லை என்பது பொய்யென்று காட்டவாவது ஒருமுறை நின்று பார்க்கலாம் என்று தோன்றியது.

திங்கள் காலை பிறீசர் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். மேசை வரிசையில் எனக்குப் பக்கத்தில் வழக்கமாக நிற்பவன் கத்தினான்: "என்னண்ணை, கனடாக் குளிர் போதாதோ?" எல்லோரும் சிரித்தார்கள்.

சுப்பர்வைசர் வந்தார். "அண்ணை, மாறி நிக்கிறியள். இஞ்சாலை வாங்கோ."

"ஏன்?"

"உது கறுவலின்ரை லைன். எங்கட ஆக்களை நான் உதுக்குள்ளை விடுறேல்லை."

எனக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் விளங்கும் ஒருவனுக்காகத்தான் கிழவர் இரண்டு வாரம் வாசலில் நின்றார் என்று அப்போதுதான் விளங்கியது.

அத்தோடு நான் மேசைக்குத் திரும்பியிருக்கலாம். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. ஆனால் அந்த 'எங்கட ஆக்கள்' காதுக்குள் நின்றுவிட்டது.

"தம்பி, நான் கோயிலடி இல்லை," என்றேன். "குளத்துக்கு அங்காலைப் பக்கம்."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு மெல்ல இல்லாமல் போனது. மேசை வரிசையிலும் சத்தம் அடங்கியது. அங்காலைப் பக்கம் என்றால் யார் என்று அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுப்பர்வைசர் திரும்பி, ஆணியில் தொங்கிய தடித்த கோட்டு ஒன்றை எடுத்து என்மேல் எறிந்தார்.

"அப்ப போ."

கோட்டில் வேறு யாருடையதோ வியர்வை மணம். உள்ளே உறைந்த மீன் பெட்டிகள், கூரைவரை. முன்னால் நின்றவர் எப்படித் தூக்க வேண்டும் என்று கையால் காட்டினார். கிழவர் என்மேல் வைத்தது சந்தேகமா நம்பிக்கையா என்று எனக்கு இன்னும் தெரியாது. பெயர் கேட்டால் கொடுப்பேனா என்பதும் அப்போது தெரியாது. ஆனால் சுப்பர்வைசர் சொன்னதை ஒரு சொல்லும் தவறாமல் வைத்திருக்க நினைத்தேன். பெட்டி ஒன்றைத் தூக்கும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை, வாய்க்குள் சொல்லிக்கொண்டே இடைவேளைவரை அடுக்கினேன்.