முன்கதவில் தொங்கிய பூட்டு

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனி மூடியதும் வீட்டுக் கடனுக்குத் தவணை கட்ட முடியவில்லை. மனைவியும் மகளும் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வங்கி ஆட்களுக்குப் பயந்து போனை அணைத்தேன். முன்கதவை வெளியே பூட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகப் புழங்கினேன். ஒரு மத்தியானம் யாரோ பூட்டை ஆட்டிப் பார்த்தார்கள். உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகொரு நாள் எதிர்வீட்டு மேரி பின்கதவைத் தட்டினார். "நீ உள்ளதான் கீறேன்னு தெரியும்ணா, குக்கர் விசில் கேக்குது. முன்னால பேங்க்காரன் நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்கான். பூட்டிகினு குந்திருந்தா கெடு நிக்குமா? போய்ப் பேசுண்ணா."

போனேன். நோட்டீஸ் கெடுவான அறுபது நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தரலாம், வங்கி பதில் சொல்லியாக வேண்டும், ஏலத்துக்கு முன் வங்கி சம்மதத்தோடு நாமே விற்றும் கடனை அடைக்கலாம் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. கெடு முடிவதற்குள் அலைந்து ஒரு புது வேலை தேடிக்கொண்டேன். அந்த ஆர்டரைக் காட்டியதும் தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டினார்கள். வீடு தப்பியது.

அன்று மாலை அணைத்து வைத்திருந்த போனைப் போட்டு மகளைக் கூப்பிட்டேன். "ஒரு நாள் மத்தியானம் உன்னைப் பார்க்க வந்தேன்பா. பூட்டை ஆட்டிப் பார்த்துட்டுத் திரும்பிட்டேன்" என்றாள்.

இப்போது வங்கியிலிருந்து போன் வந்தாலும் உடனே எடுக்கிறேன். நான் வீட்டில் இருந்தால் முன்கதவு திறந்தே இருக்கும். மகள் இன்னும் வரவில்லை.