மாஸ்கோவுக்குத் தைத்த பனியன்கள்

போன வாரம் மகன் புது பனியன் டப்பா ஒன்றைப் பிரித்தான். கஞ்சியும் சலவை மருந்தும் கலந்த அந்த வாசனை போத்தனூர் வீட்டுக் கூடம் முழுக்கப் பரவியது. டி.வி.யில் கோட்டுப் போட்ட நான்கு பேர் பனிப்போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கா ஒரு பக்கம், சோவியத் ஒரு பக்கம், முதலாளித்துவம், பொதுவுடைமை, இரும்புத்திரை என்று ஒவ்வொன்றாக விளக்கினார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "நாம் அணிசேரா நாடு. ஒதுங்கி நின்று பார்த்தோம். நமக்கு ஒரு சேதமும் இல்லை" என்றார் ஒருவர். வந்த ஆத்திரத்தில் ரிமோட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. எழுந்து போய் பிளக்கையே பிடுங்கினேன். மகன் பாட்டுக்குப் பனியனைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் டி.வி.யோடு சண்டை போடுவது அவனுக்குப் பழகிப்போனதுதான்.

ஒதுங்கி நின்றோமாம். திருப்பூரில் நான் கைமடியாகச் சேர்ந்த கம்பெனியில் தைத்ததெல்லாம் ரஷ்யாவுக்குத்தான். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுப்பதுதான் கைமடி வேலை. என் டெய்லர் சரோஜாக்கா, பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வருவார். விசைத்தறி ஓட்டிய கணவர் நெஞ்சு நோயில் படுத்துவிட, இரண்டு பெண்பிள்ளைகளும் அக்காவின் ஓவர்லாக் மெஷினை நம்பித்தான் இருந்தார்கள். ரஷ்ய அளவு பனியன் ஒன்றில் நானும் அக்காவும் சேர்ந்தே நுழையலாம். "என்னத்தத் திங்கறாங்களோ, சாமி" என்பார் அக்கா. நுழைந்து பார்த்து மேஸ்திரியிடம் திட்டும் வாங்கியிருக்கிறோம்.

ஆயுத பூஜை வந்தால் அந்தப் பனியன் ஒன்றுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் மடித்து வைப்பார் முதலாளி. தோட்டத்தை விற்றுக் கம்பெனி தொடங்கிய குடும்பம் அவருடையது. பூசணிக்காய் உடைப்பது கட்டிங் மாஸ்டர் ஆறுச்சாமி. சங்கச் செயலாளர், செங்கொடிக்காரர், 'தோழர்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். "சாமிக்கில்லீங்க, சோவியத்துக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் காயைத் தூக்குவார். மற்ற நாளெல்லாம் கீரியும் பாம்புமாக நின்ற இரண்டு பேரும் அந்த நாடு நன்றாக இருக்கவேண்டும் என்பதில் மட்டும் ஒன்றாக இருந்தார்கள். ஒருவருக்குக் கொள்கை, இன்னொருவருக்கு ஆர்டர். இதற்குக் கோட்டுக்காரர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது.

பிறகு அந்த நாடே இல்லாமல் போனது. கட்டிய பெட்டிகள் குடோனில் கூரை வரை நின்றன. முதலாளி எங்களைக் கூட்டி வைத்துக் கையை விரித்தார். "நானே தலைல துண்டப் போட்டுட்டு உக்காந்திருக்கறனுங்க. கம்பெனிய மூடறதத் தவிர வேற வழியில்லீங்க."

தோழர் நம்பவில்லை. "சோவியத்தாவது, விழுகறதாவது? அமெரிக்காக்காரன் கட்டி உட்ட புரளிங்க. ஆர்டர மறைச்சுப்போட்டு சங்கத்த ஒழிக்கப் பாக்கறாரு" என்றார். உலகமே பார்த்த செய்தியைப் புரளி என்று சொல்லிக் கம்பெனி கேட்டில் பந்தல் போட்டு உட்கார்ந்த ஒரே கூட்டம் எங்களுடையதாகத்தான் இருக்கும். இன்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று தொண்டை கிழியக் கோஷம் போட்டேன். சரோஜாக்கா கோஷம் போடவில்லை, கொடியும் பிடிக்கவில்லை. பந்தலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி எல்லோருக்கும் தக்காளி சோறு ஆக்கிப் போட்டார். "கட்சியெல்லா எனக்குத் தெரியாது கண்ணு. பசியோட உக்காந்திருக்கறாங்கல்ல" என்றார்.

பந்தல் கலைந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். அதே முதலாளி, அதே கொட்டகை, அதே மெஷின்கள், பெயர்ப் பலகை மட்டும் புதிது. ஆர்டர் அமெரிக்காவுடையது. சோவியத்தைப் பற்றி முழுக்கத் தப்பாகச் சொன்ன தோழர், முதலாளியைப் பற்றிச் சரியாகத்தான் சொல்லியிருந்தார். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் அக்காவும் போனோம். முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். "வாங்கம்மிணி, தண்ணி குடிங்க" என்றார். பிறகு அதே குரலில், "பந்தல்ல இருந்தவங்கள எடுக்கறதில்லீங்க. அமெரிக்கப் பார்ட்டிக்குச் சங்கம்னா ஆகாதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

"நாஞ் சோறுதானுங்க ஆக்குனேன்" என்றார் அக்கா.

"அது தெரியுங்கம்மிணி" என்றார் முதலாளி.

அந்த மரியாதையை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. விரட்டி அடித்திருந்தால் நாங்களும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கும்பிட்டு, தண்ணீர் கொடுத்து, வயிற்றில் அடித்தவரை என்ன சொல்லித் திட்டுவது? நான் போத்தனூரில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அக்கா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போனார். பெரிய மகள் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, அதே கம்பெனிக்குக் கைமடியாகப் போனாள். பந்தலில் இல்லாதவள் என்பதால் அவளை எடுத்துக்கொண்டார்கள். நீங்களே சொல்லுங்கள், இது யாருடைய போரின் கணக்கில் வரும்? அந்தப் பிள்ளைக்கு அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி பதித்த கட்டடம் நிற்கிறது. கொடிக்கம்பம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். தோழர் காலமாகிவிட்டார். ஆட்களைக் காண்ட்ராக்டர் வேனில் கொண்டுவந்து இறக்குகிறார். வேலை இல்லையென்றால் 'நாளை வர வேண்டாம்' என்று போனில் வந்துவிடுகிறது. ஏன் என்று கேட்க ஒருவரும் இல்லை, தப்பாகக் கேட்கக்கூட ஆள் இல்லை. நாங்கள் விவரம் தெரியாத கூட்டம்தான். ஆனால் பந்தல் இருந்த நாள் வரைக்கும் எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் முதலாளி பின்பக்கச் சந்து வழியாகத்தான் போய்வந்தார். இப்போது எல்லா முதலாளிகளும் முன்வாசல் வழியாகவே போகிறார்கள்.