சுடாத கல்லுக்கு விழுந்த அடி

சங்கரன்கோவிலை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரிக்கு ஆராய்ச்சிக் கட்டடம் வரைந்தவன் நான். ஏசி இல்லாமலே காற்று ஓட வேண்டும், எல்லாத் துறையும் ஒரே கூடத்தில் வேலை செய்ய வேண்டும் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் என்னோடு உட்கார்ந்து சண்டை போட்டு முடிவெடுத்தார்கள். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து, அழுத்தி, சுடாத கல் செய்தோம். கட்டடத்துக்குச் செங்கல் தருவதாக இருந்த சூளைக்காரருக்கு அதில் வேலை இல்லாமல் போயிற்று.

ஒரு மத்தியானம் அவர் ஆட்களோடு வேனில் வந்து இறங்கினார். எல்லார் கையிலும் கடப்பாரை.

சிவில் துறை ஆசிரியை, ஈரச்சாக்கு மூடிய கல் அடுக்குக்கு முன்னால் போய் நின்றார். "அண்ணாச்சி, பிள்ளையள் செஞ்ச கல்லு. தொடாதிய."

"தள்ளு டீச்சர். ஏலே, ஒடைங்கலே!"

காயாத கல் சத்தமில்லாமல் பொடிந்தது. ஆசிரியை ஒருவனின் கடப்பாரையைப் பிடித்தார். அவன் உதறினான். கீழே விழுந்த ஆசிரியையின் வலது மணிக்கட்டில் அது இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மண்வெட்டியை எடுத்து அவன் முழங்காலில் ஓங்கி அடித்தேன். அவன் சாய்ந்தான். இன்னொரு அடி அடிப்பதற்குள் என்னைக் கவிழ்த்து, முகத்தைச் சேற்றில் அழுத்தி, விலாவில் மிதித்தார்கள். வாயெல்லாம் மண்ணும் ரத்தமும்.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து மாணவர்கள் இரும்புக் குழாயோடு ஓடிவந்தார்கள். சூளைக்காரரின் ஆட்கள் வேனில் தொற்றி ஓட, முழங்கால் உடைந்தவன் மட்டும் சிக்கினான். அவன் மண்டையிலும் முதுகிலும் குழாய்கள் இறங்கின. எனக்கு அது போதவில்லை.

"விடுங்கலே! செத்துருவான்!" ஒற்றைக் கையோடு ஆசிரியை அவன்மேல் விழுந்து மறைத்தார். ஒரு அடி அவர் தோளிலும் பட்டது. அப்புறம்தான் கைகள் நின்றன.

வம்பு வேண்டாம், செங்கல்லே வாங்கிவிடலாம் என்றது நிர்வாகம். மாவுக்கட்டோடு கூட்டத்துக்கு வந்த ஆசிரியை கேட்டார்: "பயந்துக்கிட்டு செங்கல்லு வாங்குனா, அந்த லேப்ல உக்காந்து என்னத்த ஆராயப் போறோம்?" பொதுக்கூடமே வேண்டாமென்று முதலில் முரண்டுபிடித்த மெக்கானிக்கல் பேராசிரியர் எழுந்தார். "நாளைக்கு எங்க பிள்ளையளும் மண்ணு மிதிக்க வருவாவ."

கட்டடம் எழும்பிவிட்டது. இரு தரப்பின் மேலும் வழக்கு நடக்கிறது. ஆசிரியை இப்போது இடது கையால்தான் போர்டில் எழுதுகிறார். பஸ் ஸ்டாண்டில் சூளைக்காரர் என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார். மண்வெட்டி பிடித்த என் கை விறைக்கிறது. அதைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறேன்.