திறந்து விட்ட சின்னப் படம்

என் வீட்டுக்காரருக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலக் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். காரணம் அவருடைய அக்கா, எனக்கு அண்ணி முறை.

அண்ணிக்குச் சின்ன வயதிலிருந்தே படிக்கும்போது எழுத்துகள் இடம் மாறித் தெரியும். மற்றபடி சாமர்த்தியசாலி, ஆளையே விற்றுவிட்டு வந்துவிடுவார். அவருக்காகவே இவர் ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல், எழுதினார். பிரவுசரில் போட்டுக்கொண்டால் எழுத்துகளை அகட்டிக் காட்டும், வாசித்தும் சொல்லும். அண்ணி மாதிரி எத்தனையோ பேர் போட்டுக்கொண்டார்கள். “யார் பேரையும் நான் வாங்கி வைக்கிறதில்ல” என்று இவருக்கு ஒரே பெருமை.

போட்டிருப்பவர்களிடமே “போட்டுக்கொள்ளுங்கள்” என்று தொணதொணக்காமல் இருக்க, யார் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் நல்லது என இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு தளத்துக்காரர்கள் கேட்டார்கள். எக்ஸ்டென்ஷனுக்குள் இருக்கும் ஒரு சின்னப் படத்தை இவர் அவர்களுக்குத் திறந்துவிட்டார். தளம் கேட்டால் படம் வரும். வந்தால் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். யாருக்குத் திறப்பது என்ற இடத்தில் அந்தத் தளத்தின் பெயரை எழுதியிருக்க வேண்டும். சோதிக்கும்போது வசதிக்காக நட்சத்திரக் குறி போட்டவர், அதை அப்படியே விட்டுவிட்டார். நட்சத்திரம் என்றால் எல்லாத் தளங்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. சோம்பேறித்தனம், வேறென்ன?

ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு தளத்தில் அண்ணி வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். அனுப்பிய கையோடு ‘தாங்கள் பொருத்தமானவர் அல்ல’ என்று வந்துவிடும். “என் தலைக்குள்ள ஒண்ணுமில்லன்னு அவங்களுக்கே தெரிஞ்சுடுது போல” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் விண்ணப்பிப்பதையே விட்டுவிட்டார்.

இவருக்கு என்னவோ உறுத்தியது. அண்ணியின் அதே விவரங்களை, எக்ஸ்டென்ஷன் இல்லாத என் லேப்டாப்பிலிருந்து அனுப்பிப் பார்த்தார். நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். பிறகு அந்தப் பக்கத்தைக் குடைந்து பார்த்தால், அது சத்தமில்லாமல் அந்தப் படத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. படிக்கச் சிரமப்படுகிறவர்களை வாசலிலேயே கழித்துக்கட்டியிருக்கிறார்கள், படுபாவிகள்.

நட்சத்திரத்தை உடனே அழித்துவிட்டார். அக்காவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அதற்குத்தான் அந்த நடை.

“தரை தேஞ்சது போதும், போன் பண்ணுங்க” என்றேன். அதற்குள் அண்ணியே வந்துவிட்டார். இவர் எல்லாவற்றையும் சொன்னார்.

“அப்போ நான் மக்கு இல்லையாடா?” என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதப் போட்டிருக்கிற மத்தவங்களுக்கு யாருடா சொல்றது?” என்றார்.

“அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதேக்கா.”

“கண்ட கண்ட தளத்துக்கெல்லாம் தெரியுது, உனக்குத் தெரியாதா?”

புதிய பதிப்போடு எல்லோருக்கும் ஓர் அறிவிப்புப் போகும்படி செய்யலாம் என்று இவர் உட்கார்ந்தார். ‘சிறு பாதுகாப்புக் குறை சரிசெய்யப்பட்டது’ என்று அடித்தார். அண்ணி எக்ஸ்டென்ஷனை அதை வாசிக்கவிட்டுக் கேட்டார்.

“அழிடா அத. நான் சொல்றேன், அடி. வேலை கேட்டப்போ உங்கள வேண்டாம்னு சொன்னாங்களே, அவங்க நீங்க எழுதினதப் படிக்கவே இல்ல.”